செம்புழுதிக்கு ஒரு பக்கம்

“உங்கப்பா எங்க வேலை பாக்கறாரும்மா? வந்து மேப்புல தொட்டுக் காட்டு.”

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் என்னிடம் ஒருமுறை கேட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் மஸ்கட்டைத் தொட்டார்கள், ராய்ப்பூரைத் தொட்டார்கள். ஒருத்தி நைஜீரியாவைத் தொட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினாள். நான் போய் நின்றேன். அந்த உலகப் படத்தில் என் அப்பா இருக்கும் இடம் இல்லை. கடைசியில் படத்துக்கு மேலே, அது மாட்டியிருந்த ஆணிக்கும் மேலே, வெறும் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டேன். வகுப்பே சிரித்தது.

“நான் மேப்புல காட்டச் சொன்னேன்,” என்றார் டீச்சர்.

“அங்கதாங்க மிஸ்,” என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஒரு காரணம். ஆனாலும் அந்தச் சுவர் இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.

என் அப்பா செவ்வாய்க் கிரகத்தில் ரிக் வண்டி ஓட்டுகிறார். திருச்செங்கோட்டில் இது அதிசயம் இல்லை. பல தலைமுறையாக எங்கள் ஊர் வண்டிகள்தான் நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டன. செவ்வாயில் தரைக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைத் துளைத்து எடுக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் கிளம்பியபோது, ஆள் எடுக்க நேராக இங்கேதான் வந்தது. நான்கு வருட ஒப்பந்தம். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஆறு நிமிடக் குரல் கடிதம்.

அந்தக் குரல் கடிதங்களிலிருந்துதான் செம்புழுதி என்ற எங்கள் வரைபடம் பிறந்தது.

நிறுவனத்திடம் செவ்வாயின் வரைபடம் இருக்கிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் எடுத்த படம். ஆட்டுக்குட்டி அளவு கல்லைக்கூடக் காட்டும். ஆனால் தரைக்கு அடியில் எங்கே வெற்றிடம் என்று காட்டாது. பார்த்தால் கெட்டியான மண். சக்கரம் ஏறினால் உள்ளே வெறும் தூள். டிரைவர்கள் அதற்கு மாவு என்று பெயர் வைத்திருந்தார்கள். மாவில் இறங்கிய வண்டி ஏறாது. சாப்டியா, மாடு கன்னு போட்டுருச்சா என்று கேட்டு முடித்த பிறகு, மீதி நேரத்தில் ஆண்கள் அந்த மாவைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தப் பாறைக்குப் பக்கத்தில், எத்தனை அடி, எவ்வளவு ஆழம். எங்கள் ஊர் சம்பூர்ணக்கா தன் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஒரு படத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். பிறகு மற்ற வீடுகளும் தங்கள் கடிதங்களைக் கொண்டுவந்தன. இணையத்தில் ஏற்றினோம். இப்போது அதில் பதினோராயிரத்து நானூறு குறிகள். அதில் ஆறாயிரத்துச் சொச்சம் நான் வைத்தவை.

சம்பூர்ணக்காவுக்கு சங்ககிரி ரோட்டில் கம்ப்ரசர் பட்டறை. பின்னறையில் இரண்டு திரைகள், இரண்டு நாற்காலிகள். அதுதான் செம்புழுதியின் தலைமை அலுவலகம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்களைப் பற்றிய கட்டுரையின் மேலே அந்த அறிவிப்பைப் பார்த்தோம்.

‘செம்புழுதி என்ற இக்கட்டுரை நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. காரணம்: குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. உரையாடல் ஏழு நாள்கள் நடைபெறும். பரிந்துரைத்தவர்: பயனர் வரிக்குவரி.’

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கம்ப்ரசர் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் ராயப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“குறிப்பிடத்தக்கமை. பல்லு சுளுக்கிக்கும் போல இருக்குதே. என்னக்கா அது?”

“நம்மளப் பத்தி யாரும் எழுதுலியாமா. அதனால நாம களஞ்சியத்துல இருக்கக் கூடாதாமா.”

“அட, கட்டுரை போனாப் போகுது. கட்டுரைப் போட்டிக்கா போறீங்க? மேப்பு நெட்டுல இருக்குதில்ல?”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். “ஏ வாணி, இவனுக்குச் சொல்லு.”

நான் திரையைப் பார்த்தபடியே சொன்னேன். “அண்ணா, பொய்க்காலம் ஞாபகம் இருக்குதுங்களா?”

“மறக்குமா? எங்க சித்தப்பனுக்கு மெசினு பொய் மருந்துச் சீட்டப் படிச்சு மாத்திரை குடுத்துச்சே. அப்பப் போனவருதான்.”

“அப்பத்தான் எல்லா நாடும் சேந்து ஒரு சட்டம் போட்டாங்க. மெசினு கண்டதையும் படிக்கக் கூடாது. நாலு மனுசங்க உக்காந்து சண்டை போட்டு, இது நெசமா இருக்குதுன்னு ஒத்துக்கிட்டதை மட்டுந்தான் படிக்கணும். அந்தச் சண்டை நடக்கற எடம் கலைக்களஞ்சியம். அதுல கட்டுரை இருக்கற மேப்பைத்தான் ரிக் வண்டியோட கம்ப்யூட்டர் திறக்கும்.”

“கட்டுரை இல்லீன்னா?”

“நாம காத்து. மெசினு கண்ணுக்கு நாம இல்லவே இல்ல.”

“மனுசனுக்கு ஆதாரு, மேப்புக்குக் கட்டுரை,” என்றார் அண்ணன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அப்ப டிரைவரு தன் கையில ஓட்டிக்க வேண்டியதுதான?”

“அங்க இப்பப் புழுதிக் காத்து சீசனுங்க. கண்ணாடிக்கு முன்னால கையை நீட்டுனாக் கை தெரியாது. மெசினுதான் ஓட்டணும்.”

அக்கா விரல் விட்டு எண்ணினார். “ஏழு நாள்ல கட்டுரைய எடுத்துட்டா, எட்டாம் நாளு வண்டிக மேப்பை மறந்துரும். ஒம்பதாம் நாளு நம்மாளுக மாவுக்காட்டுல எறங்கறாங்க.”

ஏழு வண்டி, பதினாலு பேர். மேஸ்திரி அக்காவின் வீட்டுக்காரர். மூன்றாவது வண்டியில் என் அப்பா. மாவுக்காடு என்பது அறுபது கிலோமீட்டர். எங்கள் குறிகளில் நாலில் ஒன்று அங்கேதான்.

ராயப்பன் அண்ணன் பிஸ்டனைக் கீழே வைத்தார்.

அக்காவுக்கு இந்த மாதிரிக் காரியம் புதிதல்ல. ஆஸ்பத்திரி ரோட்டில் வேகத்தடை வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னூறு பேரைக் கூட்டிப் போனவர். அன்று மாலையே எல்லா வீடுகளுக்கும் போன் போட்டார். “களஞ்சியத்துல கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சு, கட்டுரை வேணும்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அவனா நாமளான்னு பாத்தர்லாம்.”

இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ‘எங்க வீட்டுக்காரரு நல்லபடியா வந்து சேரணும், கட்டுரை வேணும்.’ ‘வேணும், வேணும், வேணும்.’ ஒரு பெரியவர் ரேஷன் கார்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு வரியின் மேலும் குறுக்குக் கோடு. கீழே வரிக்குவரி எழுதியிருந்தார்:

‘இது வாக்கெடுப்பு அன்று. தலைகளை எண்ணுவதில்லை, சான்றின் எடையைப் பார்க்கிறோம். கட்டுரையில் தரப்பட்டுள்ள இரண்டு செய்தித்தாள் குறிப்புகளையும் படித்தேன். இரண்டும் நம் கட்டுரையைப் பார்த்தே எழுதப்பட்டவை. செம்புழுதி ஒன்பது குடும்பங்களால் தொடங்கப்பட்டது என்கின்றன. ஆனால் செம்புழுதியின் சொந்தப் பக்கத்தில் பதினொரு பெயர்கள் உள்ளன. ஒன்பது என்ற பிழை நம் கட்டுரையில் மட்டுமே உள்ளது. தன்னையே சான்றாகக் காட்டும் ஒன்று சான்று ஆகாது. மேலும் கட்டுரையை எழுதியவர் செம்புழுதியை நடத்துபவரே எனத் தெரிகிறது.’

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “ஒம்பதுன்னு நாந்தான் தப்பாப் போட்டேன். அதைக் கண்டுபுடிச்சுட்டான் பாரு! இவன் ரிக்குல இருந்திருந்தா நல்ல மேஸ்திரி ஆயிருப்பான்.”

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது நான் வரிக்குவரியின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். களஞ்சியத்தில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம். எதிரில் ஆள் இல்லை என்றால் எனக்குப் பேச வரும். அவருடைய பக்கத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயனர்.

‘ஐயா, பதினாலு பேர் ஒன்பதாம் நாள் மாவுக்காட்டில் இறங்குகிறார்கள். மேப்பு இல்லாமல் போனால் சாவார்கள். உங்களுக்கு அது தெரியுமா?’

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

‘தெரியும். பயனுள்ளது என்பது ஒரு கட்டுரைக்குக் காரணம் ஆகாது. பொய்க்காலத்தில் வந்த ஒவ்வொரு பொய்யும் தன்னைப் பயனுள்ளது என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தது. இயந்திரங்கள் களஞ்சியத்தை நம்புவதற்குக் காரணம், நாம் எதையெல்லாம் சேர்த்தோம் என்பது அல்ல. எதையெல்லாம் மறுத்தோம் என்பதுதான்.’

‘அப்படியானால் என்ன கொண்டுவந்தால் ஒத்துக்கொள்வீர்கள்?’

‘உங்களுக்கு எவ்வகையிலும் கடமைப்படாத ஒருவர், உங்களைப் பற்றி விரிவாக எழுதியது. ஒன்று போதும்.’

திரும்பி அக்காவின் இரும்பு அலமாரியைப் பார்த்தேன். அப்போது அவர் இன்னொன்று எழுதினார்.

‘கட்டுரையை நான் பலமுறை படித்தேன். அதில் ஒரு தவறுகூட நடந்ததாக இல்லை. தவறே செய்யாத வரைபடம் உலகில் கிடையாது. அதனால்தான் எனக்கு அந்தக் கட்டுரை மேல் சந்தேகம்.’

நான் பக்கத்தை மூடிவிட்டேன்.

அவர் கேட்டது போல எழுதப்பட்டது ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக அக்காவின் இரும்பு அலமாரியில், ஸ்பேனர்களுக்கு அடியில் இருந்தது. செவ்வாய்த் தொழிலாளர் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணை அறிக்கை. நூற்று நாற்பது பக்கம், அதில் முப்பத்தோரு பக்கம் செம்புழுதியைப் பற்றி மட்டும். அச்சில் மட்டுமே உண்டு. சென்னையில் ஆணையத்தின் நூலகத்தில் ஒரு பிரதி, நிறுவனத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, இறந்தவரின் வீட்டுக்கு ஒன்று.

இறந்தவர் பெயர் தரணிதரன். சங்ககிரிக்காரர்.

எங்கள் ரிக்காரர்கள் திசை சொல்வதற்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காட்டில் நின்றாலும், வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாலும், கேம்ப்பைப் பார்த்துத் திரும்பி நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் இடம் வலம் சொல்வார்கள். போகிற வழி யாருக்கும் தெரியும், வண்டி கெட்டுவிட்டால் திரும்பி வருகிற வழிதான் முக்கியம் என்பது அவர்கள் கணக்கு. மத்தியப் பிரதேசத்தில் துளை போட்ட காலத்திலிருந்து அப்படித்தான். செவ்வாய்க்குப் போயும் மாறவில்லை. எனக்கும் அது பழகிப் போய்விட்டது. குரல் கடிதத்தில் வலது என்று கேட்டால், என் கை தானாக இடதில் புள்ளி வைக்கும்.

தரணிதரன் இறந்த இடத்தைப் பற்றி வந்த கடிதம் ரிக்காரருடையது அல்ல. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து புதிதாகப் போன ஒரு இன்ஜினியர் தன் தங்கைக்கு அனுப்பியது. அவர் படித்தவர். போகிற திசையைப் பார்த்துத்தான் வலது என்று சொன்னார். நான் வழக்கப்படி இடதில் வைத்தேன். யார் பேசுகிறார்கள், எந்த ஊர்க்காரர் என்று பார்க்கவில்லை. நாற்பது நாள் கழித்துத் தரணிதரனின் வண்டி அந்தப் பாறைக்கு வந்தது. மெசின் எங்கள் குறியைப் படித்து, இடதை விட்டு வலது பக்கம் திரும்பியது.

அறிக்கையில் என் பெயர் இல்லை. குறி வைப்பவர்களுக்கு ஆணையம் எண் கொடுத்திருந்தது. நான் ஏழாம் குறியாளர். அது அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

நான்காம் நாள் காலையில் அக்காவிடம் கேட்டேன். “அலமாரிச் சாவி வேணுங்க்கா.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “எதுக்கு?”

“அறிக்கையை எடுத்துப் போடப் போறேன்.”

“உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? அதுல என்ன எழுதியிருக்குதுன்னு மறந்துட்டியா?”

“மறக்குலீங்க. செம்புழுதி வாறதுக்கு முந்தி ஒரு வருசத்துல பத்தொம்பது வண்டி மாவுல போச்சு, அஞ்சு பேரு செத்தாங்க. வந்த பொறவு ரெண்டு வண்டி. ஒருத்தரு. அதுவும் அதுலதான் இருக்குது.”

“அந்த ஒருத்தரு நம்ம புள்ளியால செத்தாரே, அது?”

“அதுவும் அதுலதான் இருக்குது.”

அக்கா கதவைச் சாத்தினார். குரலைத் தணித்தார். “இங்க பாரு கண்ணு. இதைப் போட்டா நாளைக்குக் கொலைகார மேப்புன்னு பேராயிரும். ஏழாவது ஆளு யாருன்னு தோண்டுவாங்க. களஞ்சியத்துல சம்பந்தப்பட்டவங்க சம்பந்தத்தைச் சொல்லிட்டுத்தான் எழுதணுமாமா, தெரியுமா உனக்கு? கடைக்குப் போனா நாலு பேரு மொகத்தைப் பாக்கமாட்டாத புள்ள நீ. ஊரே உன்னய விரலை நீட்டிக் காட்டும். தாங்குவியா?”

“தாங்கறனோ இல்லியோ, அப்பா அங்க இருக்காரு.”

“எங்க வீட்டுக்காரரும்தான் இருக்காரு! வேற வழி இருக்கும். நாளைக்கு ரெண்டு பேப்பர்காரங்கள வரச் சொல்லியிருக்கறேன். புதுசா எழுதட்டும், பெருசா எழுதட்டும்.”

“அவங்க நம்மளக் கேட்டுத்தான எழுதுவாங்க? அதை அவரு வரிக்கு வரி பிரிச்சு வெச்சுருவாரு. இந்த அறிக்கையை எழுதுனவங்களுக்கு மட்டுந்தான் நம்மகிட்டப் பயமும் இல்ல, பாசமும் இல்ல.”

அக்கா சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். “சாவி தரமாட்டேன். என்ன பண்ணுவ?”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும்.

“அலமாரியைத் திறக்க வேண்டாங்க்கா. முப்பத்தோரு பக்கமும் மனப்பாடம்.”

அக்கா வெளியே போய், எந்தக் காரணமும் இல்லாமல் ராயப்பன் அண்ணனைத் திட்டினார்.

நான் எழுதினேன். கட்டுரையில் அக்கா எழுதிய புகழ்ச்சியை எல்லாம் எடுத்தேன். முன்னோடி, புரட்சி, உலகிலேயே முதல் என்ற சொற்கள் போயின. ஒன்பதைப் பதினொன்றாக்கினேன். பிறகு ‘விபத்தும் விசாரணையும்’ என்று தலைப்பிட்டு ஒரு பகுதி. அதைச் செம்புழுதி வந்த பிறகு விபத்து குறைந்த கணக்கு வரும் பகுதிக்குக் கீழே வைக்கலாம் என்று கை போனது. மேலே வைத்தேன்.

‘சங்ககிரியைச் சேர்ந்த தரணிதரன் (வயது 26) ஓட்டிய ரிக் வண்டி, செம்புழுதியின் குறியைப் பின்பற்றிச் சென்றபோது புழுதிக் குழியில் புதைந்தது. குழி பாறையின் வலப்பக்கம் இருந்தது. செம்புழுதியில் இடப்பக்கம் குறிக்கப்பட்டிருந்தது. குறி தவறானது. அவர் ஆறு மணி நேரம் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். மீட்பு வண்டி சென்றடையும் முன் உயிரிழந்தார். பிழைக்கு ஏழாம் குறியாளரே காரணம் என்றும், பிழையைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லாதது செம்புழுதியின் குறை என்றும் ஆணையம் கூறியது.’

ஒவ்வொரு வரிக்கும் அறிக்கையின் பக்க எண்ணைக் கொடுத்தேன். பிறகு உரையாடல் பக்கத்துக்கு வந்து விதிப்படி என் சம்பந்தத்தை எழுதினேன்.

‘என் பெயர் கோகிலவாணி. செம்புழுதியில் குறி வைக்கிறேன். மேலே உள்ள பகுதியை எழுதியது நான். அதில் சொல்லப்பட்டுள்ள ஏழாம் குறியாளரும் நான்தான். என் தந்தை இப்போது மாவுக்காட்டை நோக்கிப் போகும் வண்டியில் இருக்கிறார். எனவே நான் நடுநிலையானவள் அல்ல. நான் எழுதியதை நம்பாதீர்கள். அறிக்கையைப் போய்ப் படியுங்கள்.’

பதிவிட்ட அரை மணி நேரத்தில் பக்கம் கொதித்தது. ஒருவர், ‘உயிரைக் குடித்த வரைபடத்துக்குக் களஞ்சியத்தில் இடமா?’ என்றார். இன்னொருவர், ‘கோள்களின் நிலவியல் பற்றி எழுதும் இவரது கல்வித் தகுதி என்ன?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கண்டதும் என் முதுகு நிமிர்ந்தது.

‘பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது என் தகுதியை அல்ல, அறிக்கையின் தகுதியை. அதை எழுதியவர்கள் மூவரும் முனைவர்கள். நான் செய்தது தவறு என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். தவறு செய்த ஒன்று இல்லாத ஒன்று ஆகிவிடாது. இல்லாத ஒன்றால் யாரையும் கொல்ல முடியாது.’

இதையெல்லாம் வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் முதல் வார்த்தையிலேயே அழுதிருப்பேன்.

வரிக்குவரி அன்று முழுக்க எதுவும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுரையில் யார் யார் என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவர் பெயரில் இரண்டு திருத்தங்கள் இருந்தன.

முதல் திருத்தம், காலை 7.12. தரணிதரனின் வயதை 26 என்பதிலிருந்து 25 என்று மாற்றியிருந்தார். காரணம் எழுதும் இடத்தில்: ‘இருபத்தாறு ஆக இன்னும் பதினொரு நாள் இருந்தது.’

இரண்டாவது, 7.15. தான் மாற்றியதைத் தானே அழித்து மறுபடி 26 ஆக்கியிருந்தார். காரணம்: ‘சான்று இல்லை.’

திரும்பத் திரும்பப் படித்தேன். அறிக்கையில் 26 என்றுதான் இருக்கிறது. பதினொரு நாள் கணக்கு அறிக்கையில் எங்கேயும் இல்லை. அது வீட்டில்தான் இருக்கும்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பையனோட சொந்தம். அப்பனாத்தான் இருக்கோணும்.” சட்டென்று எழுந்தார். “வாணி! சம்பந்தப்பட்டவன் சம்பந்தத்தைச் சொல்லோணும்னுதான விதி? இவன் சொன்னானா? சொல்லாமத்தான நம்ம மேல பரிந்துரை போட்டான்? இதை ஒரு வரி எழுது. அவம் பரிந்துரையே செல்லாது. ஒரு நிமிசத்துல முடிஞ்சுது சோலி!”

“எழுதமாட்டேனுங்க்கா.”

“ஏன்?”

“இருபத்திரண்டு வருசமா சான்று இல்லாம ஒரு எழுத்தைச் சேக்காத மனுசன். மூணு நிமிசம் சேத்து வெச்சுட்டு எடுத்துட்டாரு. அந்த மூணு நிமிசத்தைப் புடிச்சு நான் வெளிய இழுத்துப் போடோணுமா?”

“அவன் நம்மள ஒழிக்கப் பாத்தான் புள்ள!”

“இருக்கலாம். அவரு சொல்லாததுக்கு அவருக்குக் காரணம் இருக்கும். ரெண்டு வருசமா அந்தப் பேரைக் கட்டுரையில போடாததுக்கு நமக்கு என்னங்க காரணம் இருந்துச்சு? நம்ம மேப்பு நெசம். நெசத்தை வெச்சே நிக்கட்டும். நிக்குலீன்னா விழட்டும்.”

விழட்டும் என்று சொல்லும்போது அப்பாவின் முகம் வந்தது. ஆனாலும் சொன்னேன்.

அக்கா என்னிடம் அன்று பேசவில்லை. அவரும் அதை எழுதவில்லை. எழுதியிருக்க முடியும், அவருக்கும் களஞ்சியத்தில் கணக்கு இருந்தது. இரண்டு முறை திரையின் முன் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்தேன்.

ஆறாம் நாள் சென்னையில் இருக்கும் யாரோ ஒரு பயனர் ஆணைய நூலகத்துக்குப் போய், முப்பத்தோரு பக்கத்தையும் படித்துவிட்டு வந்து எழுதினார்: ‘பக்க எண்கள் அனைத்தும் சரி. மேற்கோள்கள் சரி. அறிக்கை கட்டுரையைவிடக் கடுமையாக இல்லை.’ ஏழாம் நாள் மாலை நிர்வாகி உரையாடலை முடித்தார். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரிக்குவரி கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘சான்று போதுமானது.’

முடிவு: கட்டுரை நீடிக்கிறது.

ராயப்பன் அண்ணன் பட்டறை முழுக்கத் தேன்மிட்டாய் கொடுத்தார். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்கும்படி. ஆனால் நாங்கள் சந்தோஷப்பட்டது அரை மணி நேரம்தான். ஊரில் செய்தி பரவிவிட்டது. அடுத்த நாள் மளிகைக் கடையில் ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நான் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்று, கடைக்காரருக்குக் கேட்கும்படி, “அரைக் கிலோ உளுந்துங்க,” என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வண்டிகள் மாவுக்காட்டில் இறங்கின. திரையில் ஏழு பச்சைப் புள்ளிகள். அங்கிருந்து செய்தி வர பன்னிரண்டு நிமிடம் ஆகும். நாங்கள் பார்ப்பதெல்லாம் பன்னிரண்டு நிமிடப் பழையது. அக்கா உட்காரவில்லை. பகல் முழுக்கப் புள்ளிகள் ஊர்ந்தன. எங்கள் குறிகளைச் சுற்றி வளைந்தன, நிமிர்ந்தன, மறுபடி வளைந்தன.

நாலு மணி சுமாருக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, தோளில் துணிப் பை. பஸ்ஸில் வந்திருப்பார் போல, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“யாருங்க வேணும்?” என்றார் அக்கா.

அவர் பின்னறைத் திரையைப் பார்த்தார். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு படம் உண்டு, தரணிதரன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படம். அதே தாடை. அதே காது. அக்காவும் கண்டுகொண்டார். அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் வண்டி, தரணிதரன் புதைந்த அந்தப் பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் குறி வலப்பக்கம்தான் இருக்கிறது, சிவப்பாக. விபத்து நடந்த அன்றே மாற்றியது.

நான் எழுந்து நின்றேன். தரையைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஏழாவது ஆளு நாந்தானுங்க,” என்றேன். இந்த முறை எனக்குக் கேட்டது. பட்டறை முழுக்கவே கேட்டிருக்கும், ராயப்பன் அண்ணன் சுத்தியலை நிறுத்திவிட்டார்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. பிறகு அவர் திரைக்குத் திரும்பினார்.

முதல் புள்ளி இடப்பக்கம் வளைந்து பாறையைத் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது, என் அப்பா, அதே தடத்தில் போனார். அக்காவின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நாலு. ஐந்து. ஆறு. ஏழாவது புள்ளி பாறைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. காற்று வலுத்திருக்கலாம், சமிக்ஞை தடைப்பட்டிருக்கலாம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நாற்காலியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. மூன்றாம் நிமிடம் புள்ளி அசைந்தது. இடப்பக்கம் வளைந்தது. தாண்டியது.

அக்கா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

வந்தவர் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தார். அதை முன்பு இருந்த இடத்தில் நேராக வைத்தார். தோளில் பையைச் சரிசெய்துகொண்டு, கீழே கிடந்த கம்ப்ரசர் ஹோஸை மிதிக்காமல் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.